லட்சம் கோடியில் ஒரு பங்கு

ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கு வைத்து
அதில் ஒன்றை எடுத்தால் பிக்கோகிராம்.
அந்தத் தொகையை அதுவரை
ஊழல் செய்திகளில்தான் கேட்டிருந்தேன்.
இப்போது விரல்நுனிச் சொட்டு ஒன்றில்
இருநூறா இருநூற்றைம்பதா என்று தேடுகிறேன்,
அம்மாப்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில்.
கீழே வெள்ளி தட்டினால் மேலே தராசு நடுங்கும்.
அவர்கள் சோற்றுக்குப் போகும் முக்கால் மணி நேரம்தான்
எனக்கு உலகம் அசையாமல் நிற்கும்.

ஆய்வுத்தாளில் அவள் பதினேழு.
இங்கே ஜெனிட்டா என்கிறேன்; அதுவும் அவள் பெயரில்லை.
ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கட்டண ரசீது போடுகிறாள்.
வயிற்றில் ஊசி ஏறும் பத்து நாளில்
ஐந்து தடவை ரத்தம் கொடுக்க மலை இறங்க வேண்டும்.
இருட்டோடு முதல் பஸ், இருபது கொண்டை ஊசி,
கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டியில் ஒரு மாடிப்படி,
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே
மறுபடி இருபது.
வழியெல்லாம் ஊசிதான் அக்கா, என்றாள்.
தலைமை ஆசிரியையிடம் பல்வலி என்று சொல்லியிருக்கிறாள்.
இதுவரை நாலு பல்.

அந்த மாடிப்படி எனக்கும் தெரியும்.
பதினெட்டுப் படி, ஒன்பதாவதில் ஒரு ஜன்னல்,
ஜன்னலில் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பை.
மூன்று வருடம் ஏறி, ஒரு நாள் ஏறாமல் விட்டேன்.
திட்ட அறிக்கையில் இதை எழுதவில்லை.
'பயனாளர் தேவை' என்ற தலைப்பின் கீழ்
இரண்டு வரி எழுதினேன். நிதி வந்தது.

ஆடி மாதம். மலையில் மூன்று நாளாக
மேகம் இறங்கிக் கிடக்கிறது.
காலை ஆறு பத்துக்கு போன்.
"அக்கா, கோடே வரல."
எந்தக் கோடு?
"ரெண்டுமே."
அப்புறம் குரலைத் தணித்து:
"எனக்குள்ள ஒண்ணுமே இல்லையா?"

சொன்னேன். கீழ்க்கோடுதான் உங்கள் கணக்கு.
மேல்கோடு நாங்கள் வரைவது,
பட்டை வேலை செய்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி.
அது வரவில்லை என்றால்
ஈரம் ஏறியிருக்கிறது, எங்கள் உறை சரியில்லை,
உங்கள் ரத்தம் அதில் ஓடவே இல்லை.
தப்பு உங்கள் மேல் இல்லை.

போனில் மழை மட்டும் கேட்டது.

"அந்தக் கடைசி வரிய
இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன்.
"ஸ்பீக்கர்ல போடட்டுமா, மாமியார் அடுப்படியில இருக்காங்க"
என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அன்று பஸ்ஸில் அவள் இறங்கினாள், ஸ்கூட்டரில் நான் ஏறினேன்.
எந்த வளைவில் கடந்தோமோ, மூடுபனியில் தெரியவில்லை.
ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து
மிச்சமிருந்த உறைகளைப் பிரித்து
என் விரலையே குத்திக் குத்திப் பார்த்தேன்.
பத்தில் ஏழு ஊமை.
சுண்டு விரல் வரை வந்த பிறகு
மக்காச்சோளம் விற்கிறவர் துடைக்கத் தாள் கொடுத்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் புது உறை, இரட்டைத் தாள், உள்ளே உலர்த்தும் மணி.
வெளியே அடைமழை.
அவள் சமையல் மேடையில் அளந்தது இருநூற்றுப் பதினான்கு.
அதே காலை ஆய்வகம் சொன்னது இருநூற்று முப்பத்தொன்று.
ஏழு சதவீத வித்தியாசம்!
பட்டறைக்காரர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தோம்.
கொலுசுக்கு மணி கோக்கும் அய்யாதுரை
"என்ன மேடம், விசேஷமா?" என்றார்.
ஆமாம் என்றேன், யோசிக்காமல்.

ஜெனிட்டாவுக்கு இன்னும் இல்லை.
ஐந்து தடவை இரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதான்.
ஸ்கேனை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்குத் தெரியாது.
அந்த இரண்டுக்காகக்
கடைவாயில் பல் மிச்சம் வைத்திருக்கிறாள்.